ஜனவரி டெல்லியில் பழைய சோறு

போன டிசம்பர் கடைசியில் எனக்குக் கடைவாய்ப் பல்லுக்கடியில் சீழ் கட்டிக்கொண்டது. பல் மருத்துவர் அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதினார். பல் மூன்றாம் நாளே அடங்கிவிட்டது. வயிறு நான்காம் நாள் ஆரம்பித்தது. மாத்திரை முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் தினமும் நான்கைந்து தடவை. எந்த மெட்ரோ ஸ்டேஷனில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது மனப்பாடமாகிவிட்டது. மறுபடி போய்க் கேட்டேன். இந்த மாத்திரைக்கு இது சகஜம், காய்ச்சல் வந்தாலோ ரத்தம் போனாலோ உடனே வாருங்கள், இல்லையென்றால் தானாகச் சரியாகும் என்றார்.

கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் சொன்ன வைத்தியம் இன்னும் சுருக்கம். "பழைய சோத்தக் கரைச்சுக் குடிடா. நீச்சத்தண்ணியும் ரெண்டு சின்ன வெங்காயமும் போதும்."

சொல்வது சுலபம். ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் முதல் மாடி. ஜனவரி முதல் வாரம் வெளியே ராத்திரி 6, 7 டிகிரி. சமையலறை மேடையில் வைத்த தெர்மாமீட்டர் 13 காட்டியது. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்து பார்த்தால், குளிர்ந்த தண்ணீரில் குளிர்ந்த சோறு. ஊறியிருந்தது, புளிக்கவில்லை. மகளின் பள்ளி பிராஜெக்டுக்கு வாங்கி மிச்சமிருந்த பிஎச் தாளைத் தொட்டுப் பார்த்தேன். புளிப்பு கூடக் கூட அது காட்டும் எண் இறங்கும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். அதாவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

ரஜாயில் சுற்றி ஃப்ரிட்ஜ் தலைமேல் வைத்துப் பார்த்தேன். 16 டிகிரி வரை வந்தது. 24 மணி நேரம் விட்டும் லேசான புளிப்பு வாசனைகூட இல்லை. போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் பிடிக்க மட்டும்தான் தெரியும். மனிதனைச் சுற்றினால் வேலை செய்யும். பானைக்குள் சூடு உண்டாக்க யாரும் இல்லை. இது ரஜாயில் சுற்றுவதற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

சரி, பெட்டிதான் செய்ய வேண்டும் என்று முடிவானது அப்போதுதான்.

தெருமுனை மருந்துக் கடைக்காரர், இன்சுலின் வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம், சுவர் இரண்டரை சென்டிமீட்டர் கனம். அந்தச் சனிக்கிழமை சாந்தினி சவுக் போய், செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கினேன். 220 வோல்ட்டில் நேராக ஓடும் கையடக்கக் கறுப்புப் பெட்டி. ஒரு மீட்டர் ஒயரின் நுனியில் சென்சார். அப்படியே பாகீரத் பேலஸ் பக்கம் நடந்து குண்டு பல்பு தேடினேன். இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. எல்லாக் கடையிலும் எல்.இ.டி. அதில் சூடு எங்கே இருக்கிறது? அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்புக்குப் பேர்தான் ஜீரோ, உள்ளே 10, 15 வாட் இழுக்கும். ராத்திரி தொட்டால் கை சுடும். இப்போது ஜீரோ வாட் என்று கேட்டால் அரை வாட் எல்.இ.டி.யைக் கையில் வைக்கிறார்கள். கடைசியில் ஒரு கிழவர் பரணிலிருந்து தூசி தட்டி 15 வாட்டும் 25 வாட்டும் எடுத்துக் கொடுத்தார்.

முதல் தவறு அன்று ராத்திரியே. வீட்டில் பழைய 60 வாட் பல்பு ஒன்று கிடந்தது, சீக்கிரம் சூடாகட்டுமே என்று அதைப் போட்டேன். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பல்புக்கு நேரே இருந்த சுவர் மெழுகு மாதிரி உள்வாங்கி, உள்ளங்கை அளவுக்குக் குழி. தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் நூறு டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, மூக்கால் தெரிந்துகொள்வது வேறு. அதற்கப்புறம் பல்பைப் பீங்கான் ஹோல்டரில் மாட்டி, பக்கமெல்லாம் ஆணியால் துளை போட்ட பால்பவுடர் டின்னுக்குள் உட்கார வைத்தேன். டின்னுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி, அடியில் ஒரு ஓடு. செய்து பார்க்கப்போகிறவர்கள் இந்த டின்னை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று தடவை, விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது தவறு சிரிப்புக்குரியது. இந்தக் கன்ட்ரோலருக்கு இரண்டு எண் கொடுக்க வேண்டும்: எந்த டிகிரியில் தொடங்குவது, எந்த டிகிரியில் நிறுத்துவது. தொடங்க 30, நிறுத்த 32 என்றால் சூடாக்கும். நான் தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டேன்: தொடங்க 32, நிறுத்த 30. அப்படிக் கொடுத்தால் அது தன்னை ஃப்ரிட்ஜ் என்று நினைத்துக்கொள்கிறது. 32-க்கு மேல் சூடானால்தான் கரண்ட் விடும். பெட்டிக்குள் 13 டிகிரி இருப்பதைப் பார்த்து, ஆஹா, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று ராத்திரி முழுக்கத் திருப்தியாகச் சும்மா இருந்தது. காலையில் மறுபடி குளிர்ந்த தண்ணீரில் குளிர்ந்த சோறு.

எண்களைச் சரி செய்து 15 வாட் பல்பைப் போட்டதும் 27 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. பல்பு அணையவே இல்லை. கன்ட்ரோலர் பழுது என்று நினைத்துக் கழற்றப் போனேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள்தான் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். பெட்டியின் மொத்தப் பரப்பு 0.66 சதுர மீட்டர், கனம் 0.025 மீட்டர், வெளியே 13, உள்ளே 31, தெர்மாகோலின் வெப்பக் கடத்துதிறன் 0.035. "17 வாட் கிட்ட வெளியே போயிட்டிருக்குப்பா. மூடி இடுக்குல போறது தனி. 15 வாட்ட வச்சு எப்படி ஏறும்?" 25 வாட் போட்டேன், 31 வந்தது, பல்பு விட்டுவிட்டு எரிந்தது. ஐஐடி கோச்சிங்குக்குக் கட்டும் பணத்தில் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம் இது.

ஆனால் 31 என்பது காற்றுக்கு. சென்சாரைப் பெட்டிக்குள் சும்மா தொங்க விட்டிருந்தேன். பாத்திரத்துக்குள் கறித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 21. இரண்டு லிட்டர் தண்ணீரை 13-லிருந்து 31-க்குக் கொண்டுவர 150 கிலோ ஜூல் வேண்டும். பெட்டியின் இழப்பு போக மிஞ்சும் ஏழெட்டு வாட்டில் அதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். ஆக இரண்டு மாற்றம்: சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே விட்டேன், ஊற்றும் தண்ணீரையே வெதுவெதுப்பாக ஊற்றினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்றுவது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போடப்படுகிறது, நம் கிருமி எது, ஊரார் கிருமி எது என்று அதற்குத் தெரியாது.

இதே கதைதான் என் வயிற்றிலும் நடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மாத்திரைக்குப் பல்லடியில் இருப்பவன் யார், குடலில் இருப்பவன் யார் என்ற பேதம் கிடையாது.

குடலில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. உடம்பில் மனித செல்லைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு என்று வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1972-இல் ஒருவர் போட்ட தோராயக் கணக்கு அது. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து மறுபடி எண்ணினார்கள். 70 கிலோ மனிதரிடம் சுமார் 30 லட்சம் கோடி மனித செல், 38 லட்சம் கோடி பாக்டீரியா. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. பாக்டீரியா மொத்தத்தின் எடை 200 கிராம்தான். பெரும்பாலும் பெருங்குடலில் குடித்தனம். நம்மால் செரிக்க முடியாத நார், மாவு எல்லாம் அங்கே போய்ச் சேர்கிறது. அதைப் புளிக்க வைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் என்று சின்னச் சின்ன அமிலங்களாக்குகிறார்கள். இதில் பியூட்ரிக் முக்கியம். பெருங்குடல் சுவரின் செல்களுக்குச் சாப்பாடே பெரும்பாலும் அதுதான். அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது கூடவே உப்பும் தண்ணீரும் உள்ளே போகின்றன. ஆள் குறைந்தால் நாரும் மாவும் தொடப்படாமல் கிடந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்பது எனக்கு டிசம்பர் கடைசியிலிருந்து நன்றாகத் தெரியும்.

ஆக என் பெருங்குடலும் அந்தத் தெர்மாகோல் பெட்டி மாதிரிதான். 37 டிகிரி, இருட்டு, ஈரம். கன்ட்ரோலர் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

பெட்டி தயாரானதும் சோற்றுப் பக்கம் வந்தேன். குக்கர் சோறு ஆகவில்லை; ஊறியதும் கூழாகிவிடுகிறது. பாஸ்மதியில் செய்தது பார்க்கவே பரிதாபம், ஒவ்வொரு பருக்கையும் மூன்றாக ஒடிந்து மிதந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தென்னிந்தியச் சாமான் விற்கும் கடையில் புழுங்கலரிசி வாங்கி, பானையில் வேகவைத்துக் கஞ்சி வடித்ததுதான் நின்றது.

உறை ஊற்றாமல் வைத்த முதல் ஈடு 31 டிகிரியில் 22 மணி நேரம் இருந்தது. திறந்ததும் முகத்தைத் திருப்ப வைத்தது. புளிப்பு இல்லை, ஈரத்துணி நாற்றம். கரண்டியைத் தூக்கினால் தண்ணீர் நூலாக இழுத்தது. அப்படியே கொட்டினேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெந்த சோற்றை இளஞ்சூட்டில் வைப்பது விளையாட்டுக் காரியமில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைத்துப் பெருகும். அது கக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதை அடக்குவது அமிலம். லாக்டிக் அமிலப் பாக்டீரியா வேகமாகப் பெருகித் தண்ணீரின் பிஎச்சை நாலரைக்குக் கீழே இறக்கிவிட்டால் மற்றவர்களுக்கு அங்கே பிழைப்பு இல்லை. மெதுவாகப் புளித்தால் அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம். ஊரில் பானையை முழுக்கக் கழுவிக் கவிழ்க்காமல், முந்தின நாள் நீராகாரம் கொஞ்சம் அடியில் விட்டு வைப்பார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு முந்தின நாள் என்று ஒன்று இல்லையே. வீட்டு மோர் ஒரு ஸ்பூன் விட்டு ஆரம்பித்தேன். முதல் ஈட்டில் மோர் வாசனை தூக்கலாக இருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி அடுத்ததற்கு, அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கடுத்ததற்கு. நான்காவது ஈட்டில் மோர் வாசனை போய்ப் பழைய சோற்று வாசனை வந்தது. பிஎச் தாளும் மாற்றினேன். ஒன்று முதல் பதினான்கு வரை காட்டும் தாள் இதற்கு முரட்டு அளவுகோல். 3.8-லிருந்து 5.4 வரை மட்டும் காட்டும் தாளை ஆன்லைனில் வாங்கினேன். 31 டிகிரி, 12 மணி நேரம், ஒரு கரண்டி உறை: 4.2.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு குறை. "எவர்சில்வர்ல வச்சா எப்படிடா வரும்? மண்பானை வாங்கு." உத்தம் நகர் குயவர் காலனியில் வாங்கினேன். பெட்டிக்கு வெளியே, 13 டிகிரி அறையில் வைத்தபோது பானைத் தண்ணீர் 11-க்கு இறங்கியது. பெட்டிக்குள் வைத்தால் பல்பு அணையாமல் எரிந்தும் எவர்சில்வரைவிட இரண்டு டிகிரி கம்மி, மூடியெல்லாம் வியர்வை. பானை கசிகிறது, கசிவது ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கும்பகோணத்து ஏப்ரலில் பானை செய்யும் உபகாரம் அதுதான்: 36 டிகிரி அறையில் சோற்றைக் கெடாமல் 30-இல் வைப்பது. அதே பானை டெல்லி ஜனவரியில் எதிராளி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்த ஊரே சரியில்ல" என்று முடித்துவிட்டாள்.

இப்படியாக ஜனவரி 20 காலையில் முதல் சரியான பழைய சோறு. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாத பனி. பெட்டி மூடியைத் தூக்கியதும் என் மூக்குக்கண்ணாடி மங்கியது. தண்ணீர் லேசாகக் கலங்கி, விளிம்பில் கடுகளவு நுரைகள்; விரலால் ஒரு பருக்கையை நசுக்கினால் உள்ளே மாவாக இல்லை, மெத்தென்று இரண்டாகப் பிளந்தது. மோருக்கும் பச்சை மாங்காய்க்கும் இடைப்பட்ட ஒரு புளிப்பு. குறை சொல்ல வேண்டுமென்றால், சூடு. பழைய சோறு என்றால் தொண்டையில் இறங்கும்போது குளிர வேண்டும், இது குழந்தைக்குக் கரைத்த கஞ்சி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மனைவி தூரத்திலிருந்தே பார்த்தாள். "ஊர்ல யாராவது மார்கழி, தையில பழையது சாப்பிடுவாங்களா? சளி புடிக்கப்போவுதுங்க."

உப்பு, சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய். சின்ன வெங்காயம் டெல்லியில் நகைக்கடை விலை. வெங்காயத்தில் இன்யூலின் வகை நார் இருக்கிறது. நமக்குச் செரிக்காது, குடலில் பிஃபிடோபாக்டீரியா போன்றவர்களுக்கு அது பந்தி. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம் என்று முடிவு செய்தவர் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார். காரமாக இருந்திருக்கும், தோட்டத்தில் கிடைத்திருக்கும். ஆனால் ஜோடி பொருந்திவிட்டது. முதல் நான்கு நாள் வயிறு மத்தளமாக உப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நார் புளித்தால் வாயு வரத்தான் செய்யும். ஆறு வெங்காயத்தை இரண்டாகக் குறைத்த பிறகு அடங்கியது.

இந்த இடத்தில் நான் பெட்டியைப் பற்றி நினைத்திருந்த ஒன்று புரண்டது. பழைய சோற்றில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியா என் குடலில் போய்க் குடியேறி, காலியான வீடுகளை நிரப்பும் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க அப்படியில்லை. உணவு வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் விருந்தாளிகள்தான். இரைப்பை அமிலத்தைத் தாண்டிப் பிழைத்தாலும் சில நாளில் போய்விடுவார்கள். 2018-இல் அதே வைஸ்மன் நிறுவனத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் ஒரு குழுவுக்குப் பதினோரு வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கொடுத்தார்கள். ஒரு குழுவைச் சும்மா விட்டார்கள். ஒரு குழுவுக்கு, மாத்திரைக்கு முன்பே எடுத்து வைத்த அவரவர் மலத்தின் நுண்ணுயிர்களையே திருப்பிச் செலுத்தினார்கள். கடைசிக் குழு சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பியது. புரோபயாடிக் குழுதான், சும்மா விட்டவர்களைவிடவும், தாமதம். விருந்தாளி திண்ணையிலேயே படுத்துக்கொண்டால் வீட்டுக்காரன் எப்படி உள்ளே வருவான்? சிறிய ஆய்வு, புரோபயாடிக்கை வைத்துச் செய்தது, சோற்றை வைத்து இல்லை. ஆனாலும் படித்த அன்று பெட்டியைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

மறுபக்கமும் உண்டு. 2021-இல் ஸ்டான்போர்டில் 36 பேரைப் பத்து வாரம் வைத்துப் பார்த்தார்கள். தயிர், கிம்ச்சி மாதிரி புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்ட குழுவுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சி காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார் அதிகம் சாப்பிட்ட குழுவுக்கு அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை. ஆக விருந்தாளிகள் தங்காவிட்டாலும் ஏதோ செய்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இதையெல்லாம் யோசித்தபோது என் கவனம் நீராகாரத்திலிருந்து பருக்கைக்குப் போனது. பாக்டீரியா விருந்தாளி என்றால், சோறு அங்கேயே இருக்கும் வீட்டுக்காரர்களுக்கான சாப்பாடு. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி, குறிப்பாக அமைலோஸ் என்ற வகை மாவு, மறுபடி இறுகிப் படிகமாகிறது. அதைச் சிறுகுடலின் நொதிகளால் உடைக்க முடியாது. பெருங்குடலுக்கு முழுசாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்த இறுகல் நன்றாக நடப்பது குளிரில், ஃப்ரிட்ஜ் குளிரில். 31 டிகிரியில் அது மந்தம். அதாவது நான் இத்தனை பாடுபட்டுக் கட்டிய பெட்டி, விருந்தாளிக்கு ஏற்றது, வீட்டுக்காரனுக்கு அவ்வளவாக ஏற்றதில்லை. ஒரே சோறு, ஒருவருக்குச் சூடு வேண்டும், இன்னொருவருக்குக் குளிர் வேண்டும்.

இதற்குத் தீர்வு பால்கனியில் இருந்தது. டெல்லி ஜனவரியில் பால்கனி என்பது கரண்ட் பில் இல்லாத ஃப்ரிட்ஜ். மதியம் வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி, வடக்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். சீக்கிரம் குளிர்வதால் பேசில்லஸ் பயமும் குறைவு. சாயங்காலத்துக்குள் 10 டிகிரி. வெயில் உள்ள நாளில் மட்டும் ஃப்ரிட்ஜ். ராத்திரி ஏழரைக்குச் சோற்றை உதிர்த்துப் பாத்திரத்தில் போட்டு, 40 டிகிரி தண்ணீர் ஊற்றினால் கலந்து 31-க்கு வந்து நிற்கிறது. ஒரு கரண்டி உறை. காலை ஏழரைக்குத் தாள் 4.2, சில நாள் 4.4. எத்தனை மாவு இறுகியது என்று அளக்க வீட்டில் வழியில்லை. பருக்கை முன்னைவிடக் கெட்டியாக நின்றது, அது மட்டும் பல்லுக்குத் தெரிந்தது.

வயிற்றுக்கு வருவோம். பெட்டியின் சூடு, பிஎச் எல்லாம் எழுதி வந்த நோட்டிலேயே வலது பக்கம் இன்னொரு பத்தி வைத்திருந்தேன். மலத்தின் பதத்தை ஒன்று முதல் ஏழு வரை எண்ணால் குறிக்கும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஒன்று ஆட்டுப் புழுக்கை, ஏழு வெறும் தண்ணீர், மூன்றும் நான்கும் சுகம். அந்த நோட்டை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்பது கூடுதல் வசதி. ஜனவரி 4-இல் ஏழு. 12-இல் ஆறு. 20-இல், அதாவது முதல் சரியான பழைய சோறு வாயில் படும் முன்பே, ஐந்து. 28-இல் நான்கு, அப்புறம் நான்கிலேயே நின்றது.

அம்மாவுக்கு வெற்றிச் செய்தி சொல்ல போனை எடுத்தேன். மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள். "பெட்டி வேலை செய்றதுக்கு முன்னாடியே குறைஞ்சிட்டு வந்திருக்கே. பழைய சோறு சாப்பிடாத இன்னொரு அப்பா எங்கே? அவருக்கு என்ன நம்பர்?" பதில் இல்லை. மருத்துவர் தானாகச் சரியாகும் என்றுதான் சொன்னார், சரியாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அம்மாவிடம் இந்த விவரத்தையெல்லாம் சொல்லவில்லை. "கேட்டுச்சும்மா" என்றேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. காலையில் இதைச் சாப்பிட்டால் மதியம் ஒரு மணி வரை கேன்டீன் சமோசா பக்கம் கால் போகவில்லை. அது பாக்டீரியாவின் வேலையா, அரை லிட்டர் நீராகாரத்தின் வேலையா என்று மகள் கேட்கும் முன் இந்தப் பத்தியை முடித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் பெட்டி என் கையை விட்டுப் போனது. சனிக்கிழமை ராத்திரிகளில் இட்லி மாவு. 12 வருஷமாக டெல்லிக் குளிரில் தட்டையாக வந்துகொண்டிருந்த இட்லி, 30 டிகிரியில் பத்து மணி நேரம் வைத்ததும் கிண்ணத்தை மீறிப் பொங்கியது. மாவில் லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா வாயு விடுவதால் வரும் பொங்கல் அது. இந்தக் குளிரில் அது சோம்பிக் கிடந்திருக்கிறது. வார நாளில் தயிர். 42 டிகிரி வைத்தால் ஐந்து மணி நேரத்தில் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைகிறது. என் சோற்றுக்கு வரிசையில் மூன்றாம் இடம்.

மார்ச் கடைசியில் பல்பே எரியவில்லை, அறையே 30. மே மாதம் அறை 36-ஐத் தொட்டபோது, சோறு எட்டு மணி நேரத்தில் கடுமையாகப் புளித்து வாயைக் கூச வைத்தது. மூலையில் கிடந்த உத்தம் நகர் பானையை எடுத்தேன். லூ என்கிற வறண்ட கோடை அனல்காற்று அடிக்கும் ஜன்னலோரம் வைத்ததும் உள்ளே 29. பெட்டி இல்லை, பல்பு இல்லை, அம்மா போனில் சிரித்த சிரிப்பு மட்டும் உண்டு.

ஜூலையில் மழை வந்தது. காற்றில் ஈரம் ஏறியதும் பானை வியர்ப்பதை நிறுத்திவிட்டது, உள்ளே 33. மறுபடி பெட்டியைத் தேடி எடுத்தேன். பல்பைக் கழற்றிவிட்டு, பழைய கம்ப்யூட்டரின் ஃபேனை அடாப்டரோடு கன்ட்ரோலரில் மாட்டி, அதன் முன்னால் ஐஸ் உறைந்த இரண்டு தண்ணீர் பாட்டில். ஜனவரியில் தூக்கக் கலக்கத்தில் போட்ட அதே எண்கள்: தொடங்க 32, நிறுத்த 30. காலையில் தாள் 4.1 காட்டியது. ஐஸ் நாலு மணிக்கே கரைந்திருக்க வேண்டும். இன்று மூன்று பாட்டில் வைக்கப்போகிறேன்.